குதிக்கால்

இருபத்தாறு நாள்
வட்ட ஓட்டை ஒன்றுக்குள்ளால் கையை விட்டுத்தான்
உன்னைத் தொட்டேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் நீ,
ஒரு கிலோ நானூறு.
பக்கத்துப் பெட்டிப் பிள்ளை அழ
எனக்குப் பால் சுரந்தது.
நீ அழுவதற்கும் பலமில்லாமல் கிடந்தாய்.
மணிக்கட்டில் ‘தர்மினியின் பிள்ளை’ என்று
நீல மையில் எழுதின பட்டி.
அதை வாசித்துத்தான் ஒவ்வொரு காலையும்
நீ என்னுடையவள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன்.
இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இப்போது அரியாலையில், வீட்டில், பாயில் நீ.
நடுவில் கண்ணாடி இல்லை.
ஆனாலும் உன்னிடம் வரமுதல்
அந்த ஓட்டையைத் தேடுகிறது என் கை.

சோளகம் அடிக்கிறது.
யன்னலைச் சாத்தி
பழைய வேட்டித் துண்டை நாலாய் மடித்து விரித்து
தேங்காயெண்ணெயைச் சிறங்கையில் ஊற்றி
சூடு வரும்வரை தேய்க்கிறேன்.
குடும்பநல மாது காட்டித் தந்தது:
“முதலில் எண்ணெய்க் கையைக் காட்டி
தொடட்டோ எண்டு கேளுங்கோ.
அவை பதில் சொல்லுவினம்.”
சிரித்தேன். இரண்டு மாதப் பிள்ளையிடம் அனுமதி!
அவ சிரிக்கவில்லை.
ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டா.

நெஞ்சு சரி. நடுவிலிருந்து வெளியே,
புதுக் கொப்பியைத் திறந்து தாளை நீவுவதுபோல.
வயிறும் சரி.
தொப்புளைச் சுற்றி ஒருதரம் வர
காற்றுப் பறிந்து
நீயே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாய்,
நான்தான் செய்தேன் என்பதுபோல.
தொடை சரி. முழங்கால் சரி.
கணுக்காலைத் தாண்டினால் மட்டும்
வெடுக்கென்று இழுக்கிறாய்.
சத்தம் வரமுதலே
வாய் சதுரமாகிவிடுகிறது.

குதிக்காலைத் திருப்பிப் பார்த்தேன்.
ஊசிப் புள்ளிகள்.
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.
நாளுக்கு நாள் இரத்தம் எடுத்த இடம்.
அங்கே தொட்டவர்கள் எல்லோரும்
குத்தத்தான் தொட்டார்கள்.
நல்ல மனிதர்கள். உன்னைக் காப்பாற்றித் தந்தவர்கள்.
அது காலுக்குத் தெரியாது.

“இழுத்து நீவு பிள்ளை, இல்லாட்டிக் கால் வளைஞ்சிடும்,”
மதிலுக்கு மேலால் தவமலரக்கா சொல்கிறா.
தலையாட்டினேன். நீவவில்லை.
கணுக்காலோடு என் எல்லை முடிந்தது.
ஒவ்வொரு நாளும் அதுவரை போய்
கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

உன் அப்பா இரவு ஒன்பதுக்கு வருவார்,
பருத்தித்துறை பஸ்ஸின் சில்லறை மணத்தோடு.
மூன்று தரம் சவர்க்காரம் போடுவார்,
இன்னும் வார்ட் வாசலில் நிற்பவர்போல.
ஒரு விரலால் உன் கன்னத்தைத் தொட்டு
“சூடாய் இருக்கிறாள்” என்பார்.
ஒவ்வொரு இரவும் அதே சொல்.
முதல் நாள் நீ குளிர்ந்திருந்தாய்.
பிறகு அவர் வேறொன்றும் சொல்வதில்லை.

பதினாறாம் நாளோ பதினேழோ.
கரண்ட் போய், காற்றாடி நின்று
வேர்வையும் எண்ணெயுமாய் நீ வழுக்கினாய்.
என் கை சோர்ந்து
உன் கால்மாட்டில் மல்லாந்து கிடந்தது.
ஒழுங்கைக்குள் மீன்காரனின் ஹோர்ன்.
விளைமீன் இருக்குமோ,
ஆயிரம் ரூபாயை மாற்றி வைத்தேனோ என்று
யோசித்துக்கொண்டிருக்கையில்
உள்ளங்கையில் ஏதோ பாரம்.
பாரம் என்றும் சொல்ல முடியாது,
ஒரு இலந்தைப்பழம் விழுந்ததுபோல.

உன் குதிக்கால்.

தவறி வைத்தாய் என்று நினைத்தேன்.
எடுப்பாய் என்று காத்திருந்தேன்.
நீ கூரையைப் பார்த்துக்கொண்டு
கொட்டாவி விட்டாய்.

விரல்களை மடக்கவில்லை நான்.
பெருவிரலை மட்டும், கேட்டுக் கேட்டு,
அந்தப் புள்ளிகளுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.
வாய் சதுரமாகவில்லை.

மீன்காரன் படலையடியில் நின்று
இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான்.
கூப்பிட்டால் கை அசைந்துவிடும்.
அவன் போய்விட்டான்.
அன்றைக்குப் பருப்புத்தான்.